கணக்கு டீச்சர் பதில்கள்: எந்தக் கணக்கு, எந்த வழி?

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எந்தக் கணக்கைப் போடுவது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 42 பேர். ஒரு பீரியடில் இது நடக்கிற காரியமா? கொடுத்தால் எல்லோரும் சுலபமான கணக்கைத்தானே எடுப்பார்கள்?
*ஒரு வாசகி, உசிலம்பட்டி*

நடக்கிற காரியம்தான் அம்மா. நான் கணக்கு நடத்திய 29 வருடத்தில் கடைசிப் பத்து வருடம்தான் இதைச் செய்தேன். அதற்கு முன் என்னிடம் படித்த பிள்ளைகளுக்குச் செய்யவில்லையே என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியில் 14 கேள்வி, பத்து எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. இரண்டு பகுதியிலும் கடைசிக் கேள்வி, அதாவது 28-ம் 42-ம், கட்டாயம். வடிவியலிலும் வரைபடத்திலும் 'அல்லது' உண்டு. ஆக, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கச் சொல்லித்தான் பரீட்சையே நடக்கிறது. அந்தப் பழக்கத்தை வகுப்பில் நாம் கொடுப்பதில்லை. திருப்புதல் தேர்வுத் தாள்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கைப் பாதிவரை போட்டு அடித்துவிட்டு, அடுத்ததைத் தொட்டு, அதையும் அடித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான். பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால் ஆறு போடச் சொல்வேன். ஒன்று நான் சொல்லும் கட்டாயக் கணக்கு, ஐந்து அவர்கள் விருப்பம். எடுத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். தனியாகத் தாள் அடிக்க வேண்டியதில்லை, போர்ஷனும் பின்தங்கவில்லை.

முதல் வாரம் நீங்கள் பயப்படுகிற மாதிரியேதான் நடக்கும். என் வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைதான் ஐந்தும் சுலபமாகப் பார்த்து எடுத்தாள். 'தப்பு வந்துடக் கூடாது' என்று காரணம் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படிக்கும்வரை அவளுக்குள் இவ்வளவு பயம் இருப்பது எனக்குத் தெரியாது.

அதே வாரம், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் உள்ளீடற்ற உருளைக் கணக்கை எடுத்திருந்தான். பக்கத்தில், 'எங்கப்பா கிணத்துக்கு உறை இறக்குவாரு'. உறை என்றால் கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் வளையம். கணக்கு தப்பு. வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழிக்காமல், ஆரங்களைக் கழித்துவிட்டு வர்க்கம் எடுத்திருந்தான். எல்லா வருடமும் பாதி வகுப்பு செய்யும் தப்பு அது. உங்கள் அப்பா இறக்கும் உறையின் அளவு என்ன என்று கேட்டேன். உள் ஆரம் 45 செ.மீ., வெளி ஆரம் 50, உயரம் 30 என்றான். அவன் வழியில் போட்டால் 5-இன் வர்க்கம் 25, கன அளவு இரண்டரை லிட்டர்கூட வரவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு நின்றவன், "டீச்சர், இது ஒரு சொம்புதான் வரும். ஒரு உறையை நாலு பேர் சேர்ந்துல்ல நகத்துவாங்க" என்றான். 2500-இல் 2025 போக 475 என்று திருத்திப் போட்டதும் கிட்டத்தட்ட 45 லிட்டர் வந்தது. சூத்திரத்தில் எது தப்பு என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் என் வகுப்பில் அந்தத் தப்பு மிகவும் குறைந்துபோனது. அந்தக் கணக்கை அவன் தானாக எடுத்திராவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். புதுப் பாடம் நடத்தும் முதல் நாள் இதைச் செய்யாதீர்கள். ஒன்றும் பிடிபடாத நிலையில் எதை எடுப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, குழம்பிப்போவார்கள். அடுத்தது, கணக்குகளுக்குச் 'சுலபம்', 'கடினம்' என்று பெயர் வைக்க வேண்டாம். மறுநாளே அது 'மக்குங்க கணக்கு' ஆகிவிடும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. எட்டுக் கணக்கில் ஐந்து போட்டால் போதும் என்கிறார் அவள் டீச்சர். பிள்ளை சோம்பேறியாகிவிட மாட்டாளா?
*ஒரு தந்தை, அன்னூர்*

போட்ட ஐந்தை டீச்சர் திருத்துவார். விட்ட மூன்றை நீங்கள் பாருங்கள். ஏன் விட்டாய் என்று அதட்டாமல் கேளுங்கள். நான்கு நாள் தொடர்ந்து குறை முழுக்களை (−3, −7 போன்றவற்றை) கழிக்கும் கணக்கையே விட்டிருந்தால், அங்கேதான் அவளுக்குப் புரியவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் கூட உட்காருங்கள். எட்டையும் அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் ஒன்பதாம் வகுப்பு. டெஸ்டில் சமன்பாட்டை நீக்கல் முறையில் போட்டேன். விடை சரி. சார் பிரதியிடும் முறையில்தான் போட வேண்டும் என்று மார்க் போடவில்லை. இது சரியா?
*ஒரு மாணவன், திருவாரூர்*

தம்பி, முதலில் கேள்வியை இன்னொரு முறை படி. 'பிரதியிடும் முறையில் தீர்க்க' என்று இருந்தால் சார் செய்தது சரி, அந்த முறை உனக்குத் தெரியுமா என்றுதான் அவர் பார்க்கிறார். வெறும் 'தீர்க்க' என்று இருந்தால் எந்தச் சரியான வழியும் சரிதான். இடைவேளையில் தாளோடு போய், "சார், என் படியில எது தப்புன்னு காட்டுங்க" என்று பணிவாகக் கேள். மார்க்கைப் பற்றிப் பேச்சை எடுக்காதே.

இன்னொன்று. 3x + 2y = 16, 5x − 2y = 16. இதைப் பேனா எடுக்காமல் பார். கூட்டினாலே y போய்விடும், அதுதான் நீக்கல். அடுத்து, y = 2x − 1, 3x + y = 14. இங்கே y இருக்கும் இடத்தில் 2x − 1-ஐ அப்படியே தூக்கி வைத்துவிடலாம், அதுதான் பிரதியிடல். இதற்கு நீக்கல் வீண் வேலை. எந்த வழி என்று பத்து நொடி பார்த்துவிட்டு ஆரம்பி. நீ கேட்கிற உரிமை அப்போதுதான் உனக்குப் பயன்படும்.

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட நூலில், குழந்தையின் கற்றலுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை ஏற்கெனவே பிரித்திருக்கிறது. இதில் குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கும்?
*ஒரு வாசகி, அரூர்*

நிலையை நீங்கள் முடிவு செய்யுங்கள். எதை வைத்து எண்ணுவது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சி, தரையில் சாக்பீஸால் போட்ட எண்கோடு, மூன்றும் இருந்தால் போதும். 32-இல் 17 போக எவ்வளவு என்று கேட்டபோது, ஒரு குழந்தை புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு போய் நடுவில் எண்ணிக்கையைத் தவறவிட்டு, மூன்று முறை முதலிலிருந்து எண்ணினாள். பக்கத்துப் பெண் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் கடன் வாங்கிச் சட்டென்று முடித்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் புளியங்கொட்டை எடுத்த குழந்தை தானாகவே போய்க் குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டாள்.