மழை வந்தால் பாத்ரூமில் சாக்கடை ஏறுவது ஏன்?

கேள்வி: சூளைமேட்டில் தரைத்தள வீடு. பெரிய மழை பெய்தால் பாத்ரூம் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே வருகிறது. அடுத்த தெருவில் ஒரு பிரச்சினையும் இல்லை. வீட்டுக் குழாயைப் பெரிதாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, காசுதான் வீண். தெருக் குழாய் நிரம்பிவிட்டால் உங்கள் குழாய் எத்தனை அகலமாக இருந்தாலும் தண்ணீர் திரும்பித்தான் வரும்.

பாதாளச் சாக்கடை ஒரு மரம் மாதிரி. வீட்டுக் குழாய் தெருக் குழாயில் சேர்கிறது, அது பெரிய குழாயில், அப்புறம் பம்பிங் ஸ்டேஷன், அங்கிருந்து கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி என்று ஏதோ ஒரு சுத்திகரிப்பு நிலையம். குடிநீர்க் குழாயை வளையமாகப் போட்டால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் வரும். சாக்கடை சரிவை நம்பி ஓடுவது, அதனால் பெரும்பாலும் ஒரே வழிதான். கீழே எங்காவது அடைத்தாலோ பம்ப் நின்றாலோ அதற்கு மேலே இருக்கிற தெருக்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும். அடுத்த தெரு வேறு கிளையில் இருக்கலாம், இல்லை கொஞ்சம் மேடாக இருக்கலாம். சென்னையோ தட்டையான ஊர். 200 அடிக்கு 1 அடி சரிவு வைத்தாலே ஒரு கிலோமீட்டரில் குழாய் 5 மீட்டர் கீழே போய்விடும், அதனால்தான் இத்தனை பம்பிங் ஸ்டேஷன்கள். பக்கத்துக் கிளையோடு ஓர் இணைப்புக் குழாய் போட்டால் நெருக்கடியில் கைகொடுக்கும், ஆனால் மட்டம் ஒத்துவர வேண்டும், அது சென்னைக் குடிநீர் வாரியம் செய்கிற வேலை.

இங்கே மழைநீர் வடிகால் தனி, சாக்கடை தனி. காகிதத்தில்! தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்றால் யாராவது கடப்பாரையோடு வந்து மேன்ஹோல் மூடியை நெம்பிவிடுகிறார், தெரு வடிகிறது, அந்தத் தண்ணீர்தான் உங்கள் பாத்ரூமில் எட்டிப் பார்க்கிறது. மொட்டைமாடித் தண்ணீரையும் பலர் சாக்கடையில்தான் விடுகிறார்கள். 1000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 9,300 லிட்டர். ஐந்து பேர் வீட்டின் இரண்டு வாரக் கழிவுநீருக்கு மேல். உங்கள் வீட்டு மாடிக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி, பாத்ரூம் தரையையும் தெரு மேன்ஹோல் மூடியையும் ஒப்பிடுங்கள். ரோடு போட்டுப் போட்டு மூடி உயர்ந்திருக்கும். தரை அதைவிடத் தாழ்வு என்றால் தெருவுக்கு முன்னால் உங்கள் வீட்டில்தான் பொங்கும். தெருக் குழாயில் சேர்வதற்கு முன் இருக்கும் கடைசி சேம்பரில் (சாக்கடைத் தொட்டி) நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், அது தண்ணீரை வெளியே விடும், திரும்பி வர விடாது; மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழுவுங்கள், துணி சிக்கினால் அது மூடாது. ஒன்று, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. மாடி வீட்டுக்காரர்களின் குழாயும் அதே சேம்பரில் சேர்கிறது என்றால் அந்த நேரத்தில் வாஷிங் மெஷின் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.