தனியாகச் சாப்பிடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 42. கல்லூரி நாட்களிலேயே கடவுள் நம்பிக்கை போய்விட்டது. அம்மா பிரதோஷத்துக்குக் கோவிலுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் முகம் தெளிந்திருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் கோவில், பரிகாரம் என்றே பேசுவதால் மதியச் சாப்பாட்டைக்கூட என் இடத்திலேயே தனியாக முடித்துக்கொள்கிறேன். மகிழ்ச்சியைப் பற்றி, கடவுளைச் சாராமல் மனித வாழ்வையே மையமாகக் கொள்ளும் மானுடவாதிகள் ‘உண்டு களித்திரு’ என்பதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

‘உண்டு களித்திரு’ என்பது பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸின் தலையில் எதிரிகள் ஏற்றிய பழி. ஏறத்தாழ 2300 ஆண்டுகளாகியும் இறங்கவில்லை. மானுடவாதிகள் தங்கள் மூதாதையராகக் கொண்டாடும் அவர், ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தவர். தெய்வங்கள் நம் விவகாரத்தில் தலையிடுவதில்லை, செத்தபின் நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை, ஆகவே பயத்தை விடு என்பது அவர் கட்சி. ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதத்தில் கேட்கிறார். களியாட்டக்காரரின் விருந்து அவ்வளவுதான்! தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும்கூடச் சேர்ந்து படித்தார்கள். ஊர் முகம் சுளித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால் யாரோடு சாப்பிடுகிறோம் என்று பார் என அவர் சொன்னதாக ரோமானியத் தத்துவஞானி செனெகா எழுதுகிறார். துணையில்லாமல் தின்பது சிங்கமும் ஓநாயும் வாழும் வாழ்க்கையாம்.

என் பெரியம்மாவும் பிரதோஷம் தவறாதவர். நந்திக்கு முன்னால் நிற்பது பத்து நிமிடம். பிறகு ஒரு மணி நேரம் மண்டபப் படியில் நான்கைந்து பேரோடு, தொன்னையில் சுண்டலும் மருமகள் கதைகளும். மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் பிரதோஷத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். அபிஷேகம் கோவிலில் தெரிந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முகம் மட்டும் தெளியவில்லை. அவருடைய பக்தி பொய் என்று சொல்லமாட்டேன். அந்தத் தெளிச்சியில் பாதியாவது படிக்கட்டில் கிடைத்தது என்பேன்.

எபிக்யூரஸின் எல்லாப் பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. கடும் வலி நீடிக்காது, நீடிக்கும் வலி தாங்கக்கூடியது என்றார். புற்றுநோய் வார்டில் இரண்டு இரவு விழித்திருந்தவர் எவரும் இதைச் சொல்லத் துணியமாட்டார். ஆனால் மனிதர் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. சிறுநீர் அடைத்துச் சாகக் கிடந்தபோது, நாம் பேசிக்கழித்த பொழுதுகளின் நினைவு இந்த வலிக்கு ஈடுகொடுக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். மாதந்தோறும் 20ஆம் தேதி நண்பர்கள் கூடவேண்டும் என்று உயிலில் ஏற்பாடும் செய்தார். பிரதோஷம் போல அவருக்கும் ஒரு நாள் வேண்டியிருந்திருக்கிறது.

உங்களுக்கு நம்பிக்கை போனது கல்லூரியில். சக ஊழியர்களோடு சாப்பிடுவதை விட்டது எப்போது? கடிதத்தில் அதைக் காணோம்.

நாளை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போய் உட்காருங்கள். பரிகாரப் பேச்சு ஓடினால் ஓடட்டும். பாக்ஸில் அம்மா கட்டித்தந்த புளியோதரை இருந்தால், இரண்டு நிமிடத்தில் பேச்சு அதன் பக்கம் திரும்பிவிடும்.