சாத்தானும் சாத்தனும்: சீட்டில் வந்த கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கூடும். வழக்கமாக வருவது பத்துப் பன்னிரண்டு பேர். போன மாதம் ‘நவீன சாத்தானியமும் தனிமனித சுதந்திரமும்’ என்று நான் பேசப்போவதாக அறிவித்ததும் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. பேச்சு நீண்டு கேள்விக்கு நேரமில்லாமல் போனதால், எல்லாரும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் அட்டை எழுதியவன் நான். சீட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. மூன்று சீட்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டன: அண்ணாச்சி அந்தச் சாத்தானியரின் சபையில் உறுப்பினரா? இல்லை. இனி மற்றவை.

சங்கரன்கோவில் ஆசிரியர் ஒருவர்: இவர்கள் உண்மையிலேயே சாத்தானைக் கும்பிடுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. 1966 ஏப்ரல் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆன்டன் லாவே என்பவர் ‘சாத்தான் சபை’யைத் தொடங்கினார். கடவுளும் இல்லை, சாத்தானும் இல்லை என்பதுதான் அந்தச் சபையின் நிலை. சாத்தான் அவர்களுக்கு ஓர் அடையாளம்: அடங்க மறுக்கிறவன், ஏன் என்று கேட்கிறவன், உடம்பின் ஆசையைப் பாவம் என்று ஒளிக்காதவன். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பவன் என்றுதான் பொருள். யோபுவின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அவன் நரகத்தில் இல்லை, கடவுளின் சபையிலேயே நின்று அரசுத் தரப்பு வக்கீலைப் போல வாதாடுகிறான்.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1975இல் மைக்கேல் அக்கினோ என்பவர் லாவேயோடு முறித்துக்கொண்டு ‘செத் ஆலயம்’ என்று தனியாகப் போனார். செத் என்ற பழைய எகிப்தியத் தெய்வம் அவர்களுக்கு வெறும் அடையாளம் இல்லை, உண்மையாகவே இருக்கும் ஒரு சக்தி.

சாத்தான்குளத்து இளைஞர்: சென்னையில் கல்லூரியில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

புறநானூறு 242ஆம் பாட்டைச் சொல்லுங்கள் தம்பி. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபிறகு, ‘முல்லையும் பூத்தியோ’ என்று பூத்த கொடியைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அது. மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். சாத்தன் நம் பழைய பெயர். பங்குனி உத்திரத்துக்கு நாம் குடும்பத்தோடு வண்டி பிடித்துப் போகும் சாஸ்தாவின் பெயரும் அதுதான். எபிரேயச் சாத்தானுக்கும் தமிழ்ச் சாத்தனுக்கும் ஓசையில் மட்டும்தான் ஒற்றுமை. சிரிக்கிறவர்கள் சங்க இலக்கியம் படிக்காதவர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி வாசகர்: லாவே எப்படிப்பட்ட மனிதர்? ஞானியா, மோசடிக்காரரா?

கச்சேரிக்காரர். 1930இல் சிகாகோவில் பிறந்தபோது வைத்த பெயர் ஹோவர்ட் ஸ்டான்டன் லெவி. மதுக்கடைகளில் ஆர்கன் வாசித்தது உண்மை. சர்க்கஸில் சிங்கம் அடக்கினேன், போலீசுக்குப் புகைப்படம் எடுத்தேன், மர்லின் மன்றோவோடு பழகினேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார். 1991இல் லாரன்ஸ் ரைட் என்ற பத்திரிகையாளர் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் பார்த்தபோது அந்தக் கதைகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் சிங்கம் பொய்யில்லை. தெருவில் இருந்த சாதாரண வீட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, உள்ளே தோகாரே என்ற சிங்கத்தை வளர்த்தார். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்ததும் அது மிருகக்காட்சி சாலைக்குப் போயிற்று. 1997இல் அவர் உயிர் பிரிந்தது ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில். மூச்சு முட்டும்போது யாரும் மதம் பார்த்து ஆஸ்பத்திரி தேடுவதில்லை.

அம்பாசமுத்திரத்து வங்கி ஊழியர்: இவர்கள் சொல்லும் சுதந்திரம் என்பது இஷ்டப்படி ஆடுவதுதானே?

லாவேயின் நூல் 1969இல் வந்தது. அதன் முகப்பில் ஒன்பது வாசகங்கள். முதல் வாசகமே, சாத்தான் என்பது துறவுக்குப் பதிலாக நுகர்வு என்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் பலரும் நீங்கள் நினைப்பதுபோல் நினைக்கிறார்கள். ஆனால் ஆசைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே அவர் கோடு போடுகிறார். விரும்பிக் குடிக்கிறவன் வேறு, குடிக்காமல் இருக்க முடியாதவன் வேறு; பின்னவனிடம் சுதந்திரம் ஏது? பொறுப்புள்ளவனிடம்தான் பொறுப்போடு நடக்க வேண்டும், ஒரு கன்னத்தில் அடித்தவனுக்கு மறு கன்னம் காட்டக் கூடாது என்பதும் அந்த ஒன்பதில் உண்டு. ஆண்டின் பெரிய பண்டிகை எது தெரியுமா? அவரவர் பிறந்தநாள்.

பதினோரு விதிகளும் எழுதினார். கேட்காதவரிடம் யோசனை சொல்லாதே என்பது முதல் விதி. அடுத்தது, கேட்க விருப்பமில்லாதவரிடம் உன் கஷ்டத்தைக் கொட்டாதே. இந்த இரண்டையும் நம் ஊர்க் கல்யாண வீட்டில் சட்டமாக்கினால் பந்தியில் பேச்சே இருக்காது. என் மூத்த மைத்துனர் ஊமையாகிவிடுவார்.

நாசரேத் டீச்சர் ஒருவர்: ஆட்டையும் கோழியையும், ஏன் குழந்தைகளையும் பலி கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். மறைக்காமல் சொல்லுங்கள்.

மறைக்க ஒன்றுமில்லை டீச்சர். நான் சொன்ன பதினோரு விதிகளில், சிறு குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே என்று ஒன்று. தாக்க வந்தாலோ உணவுக்கோ தவிர விலங்கைக் கொல்லாதே என்று இன்னொன்று.

பிறகு அந்தக் கதை எங்கிருந்து வந்தது? 1980களில் அமெரிக்காவில் ஒரு பீதி பரவிற்று. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளி மேல் 1983இல் கிளம்பிய புகார், பூமிக்கடியில் சுரங்கம், சாத்தான் சடங்கு என்று வளர்ந்துகொண்டே போயிற்று. குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டே பதிலை வரவழைத்திருந்தார்கள். ஏழு வருடம் இழுத்து 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மீதும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. 1992இல் எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் லானிங், நாடு முழுக்கப் பலி கொடுக்கும் ரகசியக் கூட்டம் இருப்பதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை எழுதினார். பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று சின்ன வயதில் நம்மைச் சாயங்காலம் வீட்டுக்குள் விரட்டிய புரளி நினைவிருக்கிறதா? அது அங்கே நீதிமன்றம் வரை போயிற்று. குற்றமற்றவர்களில் ஒருவர் ஐந்து வருடம் உள்ளே கிடந்தார்.

அதே டீச்சர், சீட்டின் பின்பக்கத்தில்: விசுவாசியாகிய நான் இதைப் படிப்பது தவறா?

ஆங்கிலக் கவிஞர் மில்டன் உங்களைவிடப் பெரிய விசுவாசி. அவர் 1667இல் வெளியிட்ட காவியத்தில் மிக நன்றாகப் பேசுகிறவன் சாத்தான்தான். தாராளமாகப் படியுங்கள்.

திசையன்விளை வியாபாரி: எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். வெள்ளைக்காரப் பாதிரிமார் அவரையும் பேய் என்றுதான் எழுதினார்கள். அப்படியானால் நாங்களும் இவர்களும் ஒரே கட்சியா?

இந்தச் சீட்டுக்காகவே மற்ற சீட்டுகளுக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி நமக்கெல்லாம் தலை நிமிர ஒரு காரணம் தந்தவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 1849இல், இந்தத் தேரிக்காட்டு மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மாடனையும் இசக்கியையும் பேச்சியையும் கோயில் கொடைவிழாவையும் சாமியாட்டத்தையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ‘பேய் வழிபாடு’ என்று ஒரு சீட்டு ஒட்டினார். அந்த நூலின் மேல் பின்னாளில் எழுந்த கோபம் சிறிதல்ல. நூலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும்: ஒரு புத்தகத்துக்கு யார் சீட்டு ஒட்டுகிறாரோ, அது எந்த அலமாரிக்குப் போகும் என்பதை அவரே முடிவு செய்கிறார்.

லாவே செய்தது இதற்கு நேர் எதிர்த் திசையில். நீ என்னைப் பேய் என்பாய், சரி, அந்தச் சீட்டை நானே என் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். நீங்களோ அந்தப் பெயரை ஒருநாளும் ஏற்கவில்லை. உங்களுக்கு அவர் மாடன், சுடலை ஆண்டவர், சாமி.

இன்னொரு வித்தியாசம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. கடவுள் இல்லை என்ற லாவேயும் சடங்கை விடவில்லை. மணி, மெழுகுவத்தி, வாள், கிண்ணம் எல்லாம் வைத்தார். மனத்தில் அடைத்து வைத்த கோபமும் துக்கமும் காமமும் வெளியேற ஒரு வடிகால் வேண்டும், சடங்கு அந்த நாடகம் என்றார். எங்கள் அப்பா வழிக் கோயிலில் சாமக்கொடைக்கு மகுட மேளம் உச்சத்துக்கு ஏறும்போது, வருடம் முழுக்க வாய் திறக்காத பெரியம்மா ஒருத்தி ஆடி அழுது தீர்த்துவிட்டு, விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் அடுப்பு மூட்டுவாள். வடிகால் என்று லாவே எதைச் சொன்னார் என்பது அந்தப் பெரியம்மாவை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். வெளியூரில் இருப்பவனும் பணம் அனுப்புகிறான். படப்புச் சோறு எல்லா வீட்டுக்கும் போகிறது. சாமியாடி நள்ளிரவில் மயானத்துக்கு வேட்டைக்குப் போனால் அவர் திரும்பும்வரை ஊரே விழித்திருக்கிறது. லாவேயின் பெரிய பண்டிகையோ ஒருவன் தனக்குத்தானே கொண்டாடும் பிறந்தநாள். ஒரே கட்சி இல்லை அண்ணாச்சி. அவர்கள் சாமி இல்லாத தனி ஆள். நீங்கள் சாமியோடு சேர்ந்த கூட்டம்.

முக்கூடல் மாணவர்: சாத்தான் கோயில் என்று வேறு ஒன்றும் இருக்கிறதாமே?

2013இல் தொடங்கிய வேறு அமைப்பு, தலைமையிடம் சேலம். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். இரக்கம், நியாயம், அவரவர் உடம்பு அவரவருக்கே சொந்தம் என்று ஏழு கொள்கைகள் வைத்திருக்கிறார்கள். அரசு இடத்தில் பத்துக் கட்டளைக் கல் வைத்தால், எங்கள் ஆட்டுத்தலைச் சிலைக்கும் பக்கத்தில் இடம் கொடு என்று வழக்குப் போடுவது இவர்கள் பாணி. 2019இல் அமெரிக்க வருமான வரித் துறை இவர்களைச் சபையாக ஏற்றது. பழைய சபைக்கு இவர்களைக் கண்டால் ஆகாது, இவர்கள் சாத்தானியரே இல்லை என்கிறது. ஒரே கோயிலுக்கு இரண்டு நிர்வாகக் குழு இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வள்ளியூரிலிருந்து ஒரு பெண்: உங்கள் பேச்சில் வந்த ‘உனக்கு நீயே சொந்தம்’ என்ற வரி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், நான் மேலே படிக்க நினைக்கிறேன். இந்தத் தத்துவம் எனக்கு உதவுமா? பெரியாரின் நாத்திகமும் இதுவும் ஒன்றுதானா?

அம்மா, அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை முழுசாக நம்பிவிடாதீர்கள். லாவேயின் நூலில் முதல் பகுதி, 1896இல் வந்த ‘வலியதே நியாயம்’ என்ற பொருள்படும் ஒரு நூலிலிருந்து எடுத்துக் கொஞ்சம் மாற்றிப் போட்டது. வலியவன் வெல்வான், எளியவன் மிதிபடுவான், அதுவே இயற்கை என்று முழங்கும் நூல் அது. கையில் சம்பளமும் தனக்கென்று ஒரு வீடும் உள்ளவனுக்கு அந்தச் சுதந்திரம் இனிக்கும். உங்கள் வீட்டில் இன்றைக்கு யார் வலியவர்? உங்கள் அப்பா. அந்த நியாயப்படி பார்த்தால் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது.

உங்களுக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். அது வெளியே தெரிந்து பெரிய சண்டையாகி, 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. அவரும் கடவுள் இல்லை என்றார், அவரவர் மானம் அவரவருக்குப் பெரிது என்றார். ஆனால் தள்ளி உட்காரவைக்கப்பட்ட பையனிடம், உனக்கு நீயே கடவுள், போய் ஜெயித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நகரவில்லை. பந்தியை மாற்றச் சண்டை போட்டார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தேவை வீட்டில் உங்கள் பக்கம் பேச ஓர் அத்தையோ சித்தப்பாவோ, பிறகு கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி. விண்ணப்பம் நிரப்ப நூலகத்துக்கு வாருங்கள், நான் உதவுகிறேன்.

தமிழாசிரியர் ஒருவர்: வள்ளுவர் இதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டார்.

இது கேள்வியாக இல்லாத சீட்டு. ஐயா குறிப்பிட்டது 850ஆம் குறள்: ‘உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்.’ அலகை என்றால் பேய். கத்தோலிக்கத் தமிழ் விவிலியம் பிசாசுக்கு வைத்திருக்கும் சொல்லும் அதுதான். குறள் இருப்பது புல்லறிவாண்மை அதிகாரத்தில், ஆகவே வள்ளுவர் இல்லென்பானைப் பாராட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வைக்கப் படும்’ என்பதில் என் கண் நிற்கிறது. அவன் அலகை என்று வள்ளுவர் சொல்லவில்லை. உலகம் அவனை அப்படி வைக்கும் என்கிறார். மறுபடியும் சீட்டு ஒட்டுகிற வேலை. லாவே இந்தக் குறளைக் கேட்டிருந்தால் கறுப்பு வீட்டு வாசலில் எழுதி மாட்டியிருப்பார்.

பெயர் எழுதாத ஒரு தாய்: என் மகன் கொம்பு வைத்த ஆட்டுத்தலை போட்ட கறுப்புப் பனியன் வாங்கி வந்திருக்கிறான். பயமாக இருக்கிறது.

லாவே ஒன்பது பாவங்கள் என்று ஒரு பட்டியலும் எழுதினார். முதல் பாவம் எது என்று பையனிடம் கேளுங்கள். முட்டாள்தனம் என்று பதில் சொன்னால் அவன் படித்திருக்கிறான். உட்கார்ந்து பேசலாம், என்னிடமும் அனுப்பலாம். விழித்தால் அது வெறும் பனியன். முதல் இரண்டு தடவை மட்டும் தனியாகத் துவையுங்கள், கறுப்புச் சாயம் போகும்.