டல்லிச்: லண்டனுக்குள் ஒரு கிராமம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது காரில் டல்லிச் வழியாகச் சென்றோம். சாலையில் வண்டியை நிறுத்திச் சுங்கம் வாங்கினார்கள். வழியெல்லாம் வெள்ளைக் கம்பங்கள், சங்கிலிகள், பழைய வீடுகள். நகரத்தின் நடுவிலிருந்து எட்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கிராமம் எப்படிக் கலையாமல் நிற்கிறது? சுற்றுலாவுக்காகச் செய்துவைத்ததா? அடுத்த முறை போனால் எதைப் பார்ப்பது?

க.

அன்புள்ள க.,

சுற்றுலாவுக்காகச் செய்ததல்ல. டல்லிச் பிழைத்ததற்குக் காரணம் அழகுணர்ச்சியும் அல்ல, நிலம் துண்டு துண்டாக விற்கப்படாததுதான்.

எட்வர்ட் ஆலன் ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர், அக்கால நாடகாசிரியர் மார்லோவின் நாடகங்களில் நடித்துப் புகழ்பெற்றவர். நாடக அரங்கிலும் கரடிச் சண்டையிலும் பணம் பண்ணியவர். 1605-இல் டல்லிச் பண்ணையை வாங்கத் தொடங்கினார். 1619-இல் அரச சாசனம் பெற்று, பன்னிரண்டு ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளியும் (டல்லிச் கல்லூரி என்பது இதுதான்) முதியவர்களுக்கு இல்லமும் அமைத்து, நிலத்தை அந்த அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார். இன்றும் சுமார் 1,500 ஏக்கர் அதன் பொறுப்பில் இருக்கிறது. வீடுகள் குத்தகைக்குத்தான் போயின. 1967-இல் வந்த சட்டம் குத்தகைதாரர்கள் மனையை வாங்க வழிசெய்தபோது கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1974-இல் உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் ஒரு மேலாண்மைத் திட்டம் வந்தது. சொந்த வீடே ஆனாலும் முகப்பை மாற்ற, அறை சேர்த்துக் கட்ட, மரம் வெட்ட அறக்கட்டளையின் சம்மதம் வேண்டும். உள்ளாட்சி அனுமதி அதற்கு மேல் தனி. குடியிருப்பவர்கள் இதைப் புலம்பாமல் இருப்பதில்லை.

ரயில் வந்தபோதும் இதே பிடிவாதம். பாதை போட நிலம் கொடுத்த அறக்கட்டளை, பாலங்கள் தன் ரசனைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்றது. நிலத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் கட்டடக் கலைஞர் இளைய சார்லஸ் பாரி இன்றைய கல்லூரிக் கட்டடத்தை 1870-இல் முடித்தார்.

பார்க்கும் வரிசை இது. ஈஸ்ட் டல்லிச் நிலையத்தில் இறங்காதீர்கள். பெயரை நம்பி அங்கே இறங்குபவர்கள் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு இதுதானா கிராமம் என்கிறார்கள். லண்டன் பிரிட்ஜிலிருந்து நார்த் டல்லிச் வாருங்கள். அதுவும் பாரி கட்டியதே, 1868. தெற்கே நடந்தால் கோர்ட் லேன் முனையில் 1616-இல் புனிதப்படுத்திய சிறு இடுகாடு. அதற்கப்பால் ஆலனின் பழைய கல்லூரியும், அவர் அடங்கியிருக்கும் தேவாலயமும்.

பக்கத்திலேயே ஓவியக்கூடம். இங்கு நேரம் ஒதுக்குங்கள். போலந்து மன்னருக்காகச் சேர்த்த ஓவியங்கள், 1795-இல் அந்நாடே துண்டாடப்பட்டதால் வாங்க ஆளின்றி நின்றன. கடைசியில் இந்தக் கல்லூரிக்கு வந்தன. கட்டடக் கலைஞர் ஜான் சோன் வடிவமைத்த இந்தக் கூடம் 1817-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சுவரில் சன்னல் வைக்காமல் கூரையிலிருந்து ஒளி இறக்கினார். அதனால் சுவர் முழுதும் படத்துக்கு மிஞ்சியது, வெயிலும் நேராக விழவில்லை. பிற்காலக் கூடங்கள் பலவும் பின்பற்றிய ஏற்பாடு. 1983-இல் திருடர்கள் அந்தக் கூரைக் கண்ணாடியை உடைத்துத்தான் இறங்கினார்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் எடுத்த ரெம்ப்ராண்டின் ழாக் தெ கெய்ன் உருவப்படம் 30-க்கு 25 சென்டிமீட்டர்தான். கோட்டுக்குள் அடங்கும் அளவு என்பதால் நான்கு முறை திருடுபோய் நான்கு முறையும் திரும்பியது. ஓவியங்களைச் சேர்த்தவர்களின் கல்லறையும் கூடத்துக்குள்ளேயே, மஞ்சள் கண்ணாடி ஒளியில் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அங்கிருந்து காலேஜ் ரோட்டில் தெற்கே போனால் நீங்கள் பார்த்த சுங்கச்சாவடி. ஜான் மார்கன் என்பவர் 1789-இல் தன் வயலுக்குப் போகப் போட்ட வழி. மற்றவர்கள் பயன்படுத்தியதால் காசு வாங்கினார். அவர் காலத்துக்குப் பின் கல்லூரி தொடர்ந்தது. லண்டனில் இன்னும் வசூலிக்கும் பழைய சாவடி இது ஒன்றே. கட்டணப் பலகையில் ஆடு, பன்றிக்கு இருபது உருப்படிக் கணக்கில் விலை எழுதியிருப்பதைப் படியுங்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இலவசம். கொஞ்சம் ஏறினால் சிடன்ஹாம் ஹில் நிலையம், விக்டோரியாவுக்கு ரயில் கிடைக்கும்.