மறு: மகள் வினையூக்கி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அண்ணே, எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த மகள் மருந்தியல் வேண்டாம், வினையூக்கி (வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) ஆராய்ச்சிதான் என்று நிற்கிறாள், சுங்கை சிப்புட்டில் சொந்தக்காரர்கள் "அதில் என்ன பிழைப்பு" என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். செம்பனை ஆலை வாடையிலேயே வாழ்கிறவர்கள் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை!

செம்பனை எண்ணெயோடு மெத்தனாலும் துளி சோடியம் மெத்தாக்சைடும் சேர்த்தால் பயோடீசல், அதாவது டீசலுக்குப் பதிலான எரிபொருள். அந்த மெத்தாக்சைடுதான் வினையூக்கி. கூடவே எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிளிசரால் என்ற துணைப்பொருள் அடியில் தங்கும். அதை விலைபோகும் பொருளாக்க எந்த வினையூக்கி சரிப்படும், எத்தனை முறை தாங்கும் என்பதே ஒருவருக்குப் பல வருட வேலை. மூலக்கூறுகள் தாமாகக் கூடுவது என்று மகள் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதுவும் புதிரில்லை. சவர்க்கார மூலக்கூறுகள் தண்ணீரில், தண்ணீரோடு ஒட்டாத தங்கள் வாலை உள்ளே மறைத்து உருண்டையாகச் சேர்வதும் அதுதான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேர்ந்து பற்றிக்கொள்வதை ஆராய்ந்த மூவருக்கு 1987இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது.

வேலைக்குச் சிலாங்கூரின் பாங்கி நகரில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், அப்புறம் ஒலியோகெமிக்கல் (எண்ணெய், கொழுப்பிலிருந்து வேதிப்பொருள் செய்யும்) ஆலைகள், பல்கலைக்கழகங்கள். ஆனால் முனைவர் பட்டம்வரை போகணும், சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். உதவித்தொகை இல்லாமல் முனைவர் படிப்பில் இறங்க வேண்டாம். பல்கலைக்கழகப் பெயரைவிட யாரிடம் ஆய்வு செய்யப்போகிறாள் என்பதை முதலில் விசாரியுங்கள், அவரிடம் படித்து முடித்தவர்களிடமே கேளுங்கள்.