பால்வெட்டு நிற்கும் மாதங்களில் பறக்கக் கற்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். சிறுவயதில் அப்பாவுடன் திருவனந்தபுரம் சங்குமுகம் போகும்போதெல்லாம் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் வாய்பிளந்து பார்த்தவன். இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வேலைக்காக அல்ல, ஆசைக்காகச் சிறிய விமானம் ஓட்டக் கற்க விரும்புகிறேன். கண்ணாடி போட்டவன், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். “இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது தேவையா? நடுவானில் என்ஜின் நின்றால் என்ன ஆகும்?” என்று மனைவி கேட்கிறாள். அடுத்த திருமண நாளுக்கு அவளை ஏற்றிச்சென்று எங்கள் வீட்டை மேலிருந்து காட்ட வேண்டும் என்பது என் திட்டம். சித்திரை முடிந்ததும் சேரலாமா?

– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் கடிதத்தில் கூர்மையான கேள்வி உங்கள் மனைவியுடையது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

நடுவானில் என்ஜின் நின்றால் விமானம் கல்லைப்போல விழாது. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172, என்ஜின் இல்லாமலே, ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னால் சென்றுவிடும். காற்றில்லாத நாளில் 3,000 அடி உயரத்தில் என்ஜின் நின்றதென்றால், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் உங்களிடம் இருக்கும். என்ஜினும் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவும் இரண்டு. ஒன்று கெட்டால் மற்றது ஓட்டும். புறப்படுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்ப்பது கட்டாயம். இறக்கைத் தொட்டியிலிருந்து பெட்ரோலைச் சிறு குப்பியில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. நம்முடைய மழைக்கு இந்தச் சோதனை வெறும் சடங்கல்ல.

இதுவரை சொன்னது பாதி உண்மை. மீதியையும் மனைவியிடம் சொல்லுங்கள். நான்கு நிமிடம் இருக்கிறது, சரி; எங்கே இறங்குவது? விளவங்கோடு, கல்குளம் பக்கத்தை மேலிருந்து பார்த்தால் ரப்பர், தென்னை, வீடு, மறுபடியும் ரப்பர். நாஞ்சில் நாட்டு வயல்களை எட்டும்வரை தட்டையான வெற்றிடம் அரிது. அதனால்தான் நல்ல ஆசிரியர் பறந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று விசையைக் குறைத்துவிட்டு, “இப்போது எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்பார். பதில் சொல்ல வாய் திணறினால் அன்றைய பாடம் அதுதான்.

என்ஜினைவிட நான் அஞ்சுவது மேகத்துக்கு. கண்ணால் தரையைப் பார்த்து ஓட்டப் பழகிய ஒருவர் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால், விமானம் சாய்ந்திருந்தாலும் காதின் உட்பகுதி “நேராகத்தான் போகிறோம்” என்று பொய் சொல்லும். பொழுதுபோக்காகப் பறப்பவர்களை உலகெங்கும் பலிவாங்கிய பொய் அது. அதனால்தான் இத்தகைய பறத்தலுக்குக் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இதை வைத்து நம் பகுதியைப் பாருங்கள். மேற்கே கடல், கிழக்கே மலை, ஆண்டுக்கு இரண்டு பருவமழை. சித்திரை முடிந்ததும் சேரலாமா என்கிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் காற்றாலைகள் நிற்கின்றன. ஓராயிரம் கிலோவைச் சுற்றியே எடையுள்ள ஒரு விமானத்துக்கு அது நல்ல இடமல்ல. மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் காற்று கீழ்நோக்கி அழுத்தும், உருளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மீதம் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அதிலும் கடற்காற்று எழுவதற்கு முந்தைய காலைப்பொழுது. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் காலமும் ஏறக்குறைய அதுதானே? கடையில் வேலை குறைவாக இருக்கும்போது வானமும் திறந்திருக்கிறது. உங்கள் தொழிலுக்கு இந்தப் பொழுதுபோக்கு பொருந்துவதுபோல வேறு பலருக்குப் பொருந்தாது. எனவே இந்த மழைக்காலத்தைப் படிப்புக்கு வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் விமானத்தில் ஏறுங்கள்.

படிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். தனிநபர் விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்பது சம்பளத்துக்குப் பறக்கும் வணிக உரிமத்துக்கு. விமான விதிகள், வானிலை, வழியறிதல், விமானத்தின் அமைப்பு ஆகியவற்றில் தேர்வு உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்குத் தனியாக வானொலி உரிமமும் தேவை. ஆனால் அது இலக்கிய ஆங்கிலமல்ல, திரும்பத் திரும்ப வரும் சில வாக்கியங்கள். தினமும் மலையாளத்தில் விலைபேசித் தமிழில் கணக்கெழுதும் உங்களுக்கு மூன்றாவது பாஷையில் நூறு வாக்கியம் பெரிய காரியமா?

சர்க்கரைதான் உண்மையான கேள்வி. மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி தடையல்ல; கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால் போதும். மாத்திரையில் கட்டுப்பட்ட சர்க்கரைக்கு எல்லாக் கதவும் மூடியிருக்கவில்லை. என்ன மாத்திரை, எவ்வளவு கட்டுப்பாடு என்று பார்த்து அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எதையும் மறைக்காதீர்கள். தனியாகப் பறக்கும்போது சர்க்கரை இறங்கினால் ஓரமாக நிறுத்துவதற்கு மேலே ஓரம் கிடையாது.

இனிப் பணம். குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. கடை வேலைக்கு நடுவே விட்டுவிட்டுக் கற்பவருக்கு 40 மணி போதாது. இடைவெளி விழுந்தால் போன பாடத்தையே மறுபடி பறக்க வேண்டிவரும். பேச்சுக்கு மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்தாலே 40 மணிக்கு ஆறு லட்சம். தேர்வு, பரிசோதனை, தங்குமிடம் எல்லாம் தனி. பெரும்பாலும் சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்தே மணி ஓடும். பெரிய விமான நிலையத்தில் ஜெட் விமானங்களுக்கு வழிவிட்டு நிற்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையமே ஒரு பறக்கும் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான்: 1932இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் தொடங்கியது, குழித்துறையும் அப்போது அதே சமஸ்தானம். பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பயிற்சிப் பள்ளி உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை ஆசிரியர், ஆசைக்காகக் கற்பவரைச் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். பள்ளிகள் பெரும்பாலும் விமான நிறுவன வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக நடப்பவை. வார இறுதியில் வரும் நடுவயதுக்காரருக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கும். உதிரிபாகத்துக்குக் காத்துக் கிடக்கும் விமானங்களையும் மாணவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருவனந்தபுரத்தில் கற்றால் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை ரன்வேயைக் கடந்து சங்குமுகம் போகும். சில மணி நேரம் விமானங்களே நிற்கும். அந்த அறிவிப்பு ‘நோட்டம்’ (NOTAM) எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்புத் தாளில் முறைப்படி வரும். பறப்பதற்கு முன் நோட்டம் படிக்க வேண்டும் என்பதை அங்கே யாரும் மறக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லி உங்களைப் பயமுறுத்திவிட்டேனோ? இதில் உள்ள இன்பத்தையும் சொல்ல வேண்டும். பலர் நினைப்பதுபோல அது வேகத்தில் இல்லை. செஸ்னா 172 மணிக்கு 200 கிலோமீட்டரைச் சுற்றித்தான் போகும். வரைபடத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, இத்தனையாவது நிமிடத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம் இடப்பக்கம் வர வேண்டும் என்று காத்திருந்து, அது வந்து நிற்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதுதான் இன்பம். அப்புறம் பேச்சிப்பாறை அணை, கோதையாறு வளையும் இடம். பிறந்த ஊரின் வடிவம் அப்போதுதான் முதன்முதலாக விளங்கும். தரையிறங்குவதும் அப்படியே, ஒவ்வொரு முறையும் வேறு காற்று, வேறு கணக்கு. எத்தனை ஆண்டு பறந்தாலும் அலுக்காத வேலை அது.

திருமண நாள் திட்டத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். மாணவர் உரிமத்தில் பயணியை ஏற்ற முடியாது. முழு உரிமம் கிடைத்த பிறகு ஏற்றலாம், அதற்கும் யாரிடமும் பணம் வாங்கக் கூடாது. ஊருக்கு ஊர் பறக்க விமானப்படையின் வான்பாதுகாப்பு அனுமதி எண் வேண்டும். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், சுற்றுவட்டத்தின் மிக உயரமான தடையைவிட 1,000 அடி மேலேதான் பறக்கலாம். மொட்டைமாடியில் நிற்கும் மாமியாருக்குக் கையசைக்கும் உயரமல்ல. நாள் குறித்துவிட்டால், அன்று வானம் மூட்டமாக இருந்தாலும் கிளம்பத் தோன்றும். உறவினர் காத்திருக்க, கேக் வெட்டியிருக்க, “இன்று வேண்டாம்” என்று சொல்லுவது கடினம். அந்தக் கட்டாயத்தை நீங்களே உருவாக்கிக்கொள்ளாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி மனைவி சொன்னதற்கு என்னால் செய்யக்கூடியது ஒன்று. உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகள் பயணச்சீட்டு வாங்கிப் போகும் விமானப் பயணத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். தானே ஓட்டுவதைக் காப்பீட்டிலிருந்து விலக்கிவிடும். முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஆசிரியருடன் ஒரேயொரு அறிமுகப் பறத்தலுக்குப் பணம் கட்டுங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் ஏற வேண்டாம், ஆசிரியரிடம் கேள்வி கேட்கட்டும். அவர் கேட்பவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவு கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள்.