இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னாடி டு (to) போடணுமா ஐஎன்ஜி (-ing) போடணுமான்னு பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

"லிஸ்ட் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னேன், பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுறாங்க"ன்னு கேள்வில போட்டிருக்கீங்க. அனேகமா புதுசா டியூஷன் எடுக்க ஆரம்பிச்சவங்களா இருப்பீங்க. போர்டுல இந்தப் பக்கம் டு வர்ற வான்ட், டிசைட், ஹோப், ரெஃப்யூஸ், அந்தப் பக்கம் ஐஎன்ஜி வர்ற என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், நடுவுல ஒரு கோடு. சரியா? நானும் நாலு வருஷம் அதே கோட்டைத்தான் போட்டேன், அதனால குறை சொல்ல வரல.

திருச்சி தில்லைநகர்ல ஒரு சென்டர்ல சாயங்கால பேட்ச் எடுத்தேன், பேர் வேண்டாம். அங்க இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும், தமிழ் பேசினா 20 ரூபாய் ஃபைன், அந்தக் காசைப் போட ஒவ்வொரு கிளாஸ் மேஜை மேலயும் ஒரு பிஸ்கட் டப்பா வச்சிருந்தாங்க. என் பேட்ச்ல பாதிப் பேர் நர்ஸ், வெளிநாட்டு வேலைக்கு ஓஇடி எழுதறவங்க, அது நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை. அதுல ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல்ப்ளே உண்டு, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், எதிர்ல இருக்கறவர் பேஷன்ட் மாதிரி பேசுவார், நாம நர்ஸா பதில் சொல்லணும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அக்கா, என்னை விட பத்து வயசு மூத்தவங்க, ஆனாலும் மிஸ்னுதான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு நான்தான் பேஷன்ட், அடுத்த வாரம் ஆபரேஷன், ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரையை அதுவரைக்கும் நிறுத்தணும்னு அவங்க எனக்குச் சொல்லணும். "ப்ளீஸ் ஸ்டாப் டு டேக் திஸ் டேப்லட்"னு சொன்னாங்க. தப்பு, ஸ்டாப் டேக்கிங்னு சொன்னேன். "நேத்து டிசைட் டு, ஹோப் டுன்னு சொன்னீங்களே"ன்னாங்க. அது அந்த லிஸ்ட், இது இந்த லிஸ்ட்னு நானும் பெரிய மேதாவி மாதிரி சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனேன்.

அவங்க விடல. பர்ஸைத் திறந்து 20 ரூபாயை டப்பால போட்டாங்க. "மிஸ், ஃபைன் கட்டிட்டேன், தமிழ்லயே கேட்கறேன். ஸ்டாப் டு டேக்னு சொன்னா பேஷன்ட் என்னன்னு புரிஞ்சுக்குவாரு?"

எனக்கும் வேற வழியில்ல, தமிழ்லதான் சொன்னேன். மாத்திரை போட்டுக்கறதுக்காக கையில இருக்கற வேலையை நிறுத்துங்கன்னு ஆயிடும்க்கா, நாம சொல்ல வந்ததுக்கு நேர் எதிர், அந்த ஆள் மாத்திரையைப் போட்டுக்கிட்டே ஆபரேஷனுக்கு வந்து படுத்துடுவாருன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப நம்ம 'போடறதை நிறுத்து', 'போட நிறுத்து' மாதிரிதானே மிஸ்?"

நான் சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். டீ குடிக்க விராலிமலைல நிறுத்தினோம், டீ குடிக்கறதை நிறுத்திட்டேன். ரெண்டையும் தப்பில்லாம பிறந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கற ஒரு ஜனத்துக்கு நான் லிஸ்ட் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் கிளாஸே மாறிடுச்சு. கேஸை அணைக்க மறந்துட்டேன்னா டு. கேஸை அணைச்சதையே மறந்துட்டு பஸ் ஸ்டாப்லேர்ந்து திரும்பி ஓடி வந்தேன்னா ஐஎன்ஜி. பாட்டில் மூடியைத் திறக்க முயற்சி பண்ணேன், வரல, இது ட்ரை டு ஓபன். வெந்நீர்ல வச்சுப் பார்த்தேன், அது ட்ரைடு புட்டிங், நம்ம "பார்த்தேன்"தான் அங்க ட்ரை. "தெரிவிக்க வருந்துகிறோம்"ங்கறது ரிக்ரெட் டு, "அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு வருத்தப்படறேன்"ங்கறது ரிக்ரெட் சேயிங். அணைக்க, போகன்னு வந்தா வேலை இன்னும் நடக்கல, முன்னாடி நிக்குது, அது டு. அணைச்சது, போறதுன்னு வந்தா அந்த வேலையே கையில எடுத்துப் பார்க்கற ஒரு பொருள் மாதிரி ஆயிடுது, அது ஐஎன்ஜி. போக மறுத்தான், போக முடிவு பண்ணான், போறதைத் தவிர்த்தான்னு சொல்லிப் பாருங்க, உங்க போர்டுல இருக்கற லிஸ்ட்ல பாதி தானாவே வந்து நிக்கும்.

இப்ப சில பேர் வருவீங்க, தாய்மொழி வழியா இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கறது பழைய பஞ்சாங்கம்னு. இன்னும் சில பேர், "அணைச்சது" தொழிற்பெயரா வினையாலணையும் பெயரான்னு தமிழையா மாதிரி பிரம்பு எடுப்பீங்க. நான் பிஎச்டி பண்ணல, கிளாஸ்ல வேலை செஞ்சதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

எல்லா இடத்துலயும் செல்லுபடியாகும்னும் சொல்லல. ஃபினிஷ்ல மாட்டும், நாம "சாப்பிட்டு முடிச்சேன்"னு சொல்றவங்க, ரெண்டு கட்சியிலயும் சேராது. சஜெஸ்ட் இன்னும் மோசம். "அவனைப் போகச் சொன்னேன்"னு தமிழ் மனசுல ஓடறதாலதான் எல்லாரும் சஜெஸ்டட் ஹிம் டு கோன்னு எழுதறாங்க, தமிழே குழியில தள்ளி விடற இடம் அது. லுக்கிங் ஃபார்வேர்ட் டு மீட்டிங்ல வர்ற டு வேற சாதி, அது நம்ம "க்கு", டு ஸ்கூல்ல வருதே அந்த டு, அதனால பின்னாடி ஐஎன்ஜி வரும். இதையெல்லாம் தனியா உட்கார்ந்துதான் சொல்லிக் கொடுக்கணும், அதுக்கு மட்டும் சின்னதா ஒரு லிஸ்ட் வச்சுக்குங்க.

அந்த அக்கா யூகே போயிட்டாங்க. ஓஇடி ரைட்டிங்ல சி ப்ளஸ் கிரேடுதான், ஆனா மத்த மூணுலயும் பி இருந்தா நர்ஸுக்கு அங்க அது போதும். என் கதைதான் வேற மாதிரி ஆச்சு. கிளாஸ்ல தமிழ் ஜாஸ்தியா கேட்குதுன்னு ஓனர் கூப்பிட்டுச் சொன்னார், ஏசி ரிமோட்டைக்கூடத் தன் ரூம்ல பூட்டி வச்சுக்கற மனுஷன். அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை பேட்சைப் பிடுங்கினார், கடைசி ரெண்டு மாச சம்பளம் இன்னும் வரல, கேட்டா ஸ்டூடன்ட்ஸ் கம்மின்னார். நான் ஃபைன் டப்பாவைப் பத்திக் கேட்டேன், அதுல என் பேட்ச் போட்ட காசே என் ஒரு வார சம்பளத்துக்கு வரும். அதுக்கு மட்டும் சுத்தத் தமிழ்ல பதில் சொன்னார், ஃபைன் கட்டாம.